ஐம்பதில் நில், முள்ளே!

எங்கள் ஊரில் கரண்ட் போனால் யாரும் காற்றைத் திட்டமாட்டார்கள். என் அம்மாவைத்தான் திட்டுவார்கள்.

இத்தனைக்கும் எங்களுக்குக் கரண்ட் தருவதே காற்றுதான். எங்கள் ஊர் கடலுக்கு நடுவே இருக்கிறது. வெளியூர்க் கம்பி எதுவும் இங்கே வருவதில்லை. மேட்டின் மேல் மூன்று காற்றாலைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு மின்நிலையம். அதற்குள் ஒரு டீசல் இன்ஜினும், ஓர் அறை நிறைய பேட்டரிகளும். பகல் முழுக்க இதையெல்லாம் பார்த்துக்கொள்வது ஒரே ஓர் ஆபரேட்டர். அவர்தான் என் அம்மா.

காற்று நன்றாக வீசும்போது ஒருவர்கூட மேட்டுப் பக்கம் திரும்பி, "நன்றிம்மா" என்று சொன்னதில்லை. காற்று குறைந்தால் மட்டும் எல்லோருக்கும் அம்மா ஞாபகம் வந்துவிடும்.

"அந்த அம்மா தூங்கிடுச்சு போல!"

"எங்கயாவது அரட்டை அடிக்கப் போயிருக்கும்!"

என் காதுபடவே இப்படிப் பேசுவார்கள். எனக்குப் பத்து வயது. காது நன்றாகவே கேட்கும்.

கோபம் வந்தால் நான் வெடுக்கென்று பேசிவிடுவேன். அதனால் வீட்டில் எனக்கு 'வெடுக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் சட்டைகளை வாங்க இஸ்திரிக் கடைக்குப் போனேன். மேஜை மேல் ஒரு தாள் கிடந்தது. அதன் மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்புத் தழும்பு. மேலே பெரிய எழுத்தில், 'அடிக்கடி கரண்டை நிறுத்தும் ஆபரேட்டரை உடனே மாற்ற வேண்டும்' என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கையெழுத்துகள்.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு பேர்!

"அண்ணே, என்ன இது?"

இஸ்திரிக்கார அண்ணன் தாளை மெதுவாக ஒரு சட்டைக்கு அடியில் தள்ளினார். "அது பெரியவங்க விஷயம், பாப்பா. வெள்ளிக்கிழமை பெரிய இன்ஜினியர் படகுல வர்றாரு. அவர்கிட்ட குடுக்கணும்."

"எங்க அம்மாவ எங்க மாத்துவாங்க?"

"வேற ஊருக்கு மாத்துவாங்க. உங்கம்மா நல்லவங்கதான், நான் இல்லைங்கல. ஆனா போன வாரம் மட்டும் நாலு தடவை கரண்ட் போச்சு. பெட்டி சூடாகறதுக்குள்ள போயிடுது. நான் என்னதான் பண்றது, சொல்லு?"

நான் தாளை வெளியே இழுத்துப் படித்தேன். எங்கள் கணக்கு டீச்சர் கையெழுத்துப் போட்டிருந்தார். மாவு மில் அக்கா போட்டிருந்தார். ஏழாவது வரியைப் பார்த்ததும் என் முகம் ஜிவ்வென்று சூடானது. அது ஐஸ் மாமாவின் கையெழுத்து. ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் அந்த மாமா யாரோ அல்ல. என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்!

சட்டைகளை வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

அம்மா ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார். அவர் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"அண்ணனுமா போட்டிருக்காரு?" என்று அம்மா கேட்டார்.

"ஆமா. ஏழாவது கையெழுத்து!"

அம்மா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை. 

"சும்மா விடலாமாம்மா? வா, போய் நாலு கேள்வி கேட்போம்!"

"என்னன்னு கேட்கறது? கரண்ட் போறது உண்மைதானே."

"நீ வேணும்னா நிறுத்தற?"

அம்மா சுவரைக் காட்டினார். எங்கள் சமையலறைச் சுவரில் வட்டமாக ஒரு மானி தொங்கும். கரண்டின் அதிர்வெண்ணைக் காட்டுகிற மீட்டர். மின்நிலையத்தில் புதிய மானி வைத்தபோது வேண்டாம் என்று கழித்துவிட்ட பழசு அது. தூக்கிப்போட மனம் வராமல் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன் வயரைப் பிளக்கில் செருகினால் முள் ஐம்பதுக்கு வந்து நிற்கும். ஊரில் எந்த வீட்டுப் பிளக்கில் செருகினாலும் அதே எண்ணைத்தான் காட்டும். என் தம்பி குட்டிக்கு ஐந்து வயது. அதைக் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டு, "அம்மா, மணி அம்பது!" என்று அடிக்கடி சொல்வான்.

"நாம தர்ற கரண்டும் ஊரு எடுக்கற கரண்டும் சமமா இருந்தா முள்ளு அம்பதுல நிக்கும்" என்றார் அம்மா. "எடுக்கறது அதிகமானா கீழ சரியும். நாப்பத்தேழைத் தொட்டா, மெஷின் கெட்டுப்போகாம இருக்க எல்லாம் தானா நின்னுடும். நான் நிறுத்தறதே இல்ல."

"அப்புறம் ஏன் சரியுது?"

"காத்து திடீர்னு குறைஞ்சா டீசல் இன்ஜினைக் கிளப்புவேன். அது சூடாகிக் கைகொடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் பேட்டரி தாங்கணும். அதுக்காகத்தான் காத்தாலைக் கோபுரத்து மேல சிவப்பு விளக்கு போடறேன். பெரிய மெஷினையெல்லாம் பத்து நிமிஷம் நிறுத்துங்கன்னு அர்த்தம். ஆனா என்ன மாயமோ, விளக்கு போட்டதும் முள்ளு இன்னும் வேகமா கீழ ஓடுது. பத்து நிமிஷம் தாங்க வேண்டிய பேட்டரி மூணு நிமிஷத்துல கையை விரிச்சுடுது. ஏன்னு எனக்கே புரியல."

"வெளிய வந்து என்னன்னு பார்க்க வேண்டியதுதானே?"

"அந்த நேரத்துல இடத்தை விட்டு எழுந்திருக்கவே முடியாதுடி."

அதுவும் சரிதான். அம்மா வேலை செய்யும் அறைக்கு ஊரைப் பார்த்த ஜன்னலே கிடையாது. அவருக்கு விடுமுறை ஞாயிறு மட்டும்தான். அன்றும் இரவிலும் மில்லும் ஐஸ் கம்பெனியும் மூடியிருக்கும்; சிவப்பு விளக்குக்கு வேலையே இருக்காது. அந்த விளக்கு எரியும்போது ஊர் எப்படி இருக்கும் என்று, அதைப் போடுகிற அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் மாலை நாலரை மணி. அப்பா படகு ஓட்டப் போயிருந்தார். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குட்டி கத்தினான்.

"அக்கா! சிவப்பு!"

பென்சிலைப் போட்டுவிட்டு சமையலறைக்கு ஓடினேன். சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கள் ஊரில் என்ன செய்யவேண்டும் என்று நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். கரண்ட் போவதற்குள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பவேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை.

ஓடும்போதே அந்த முப்பத்தொரு பேரையும் மனத்துக்குள் ஒரு பிடி பிடித்தேன். நன்றி கெட்டவர்கள்! அம்மா அங்கே தனியாகக் கஷ்டப்படுகிறார், இவர்கள் இங்கே கையெழுத்துப் போடுகிறார்கள்! அந்தக் கோபத்திலேயே சுவிட்சைத் தட்டினேன். மோட்டார் உறுமியது.

சுவிட்சுக்கு மேலேதான் மானி இருக்கிறது. முள் நாற்பத்தொன்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு மோட்டார் உறுமியது. முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. எதிர்வீட்டு மோட்டார். அதற்கு அடுத்த வீடு. பின்பக்கத்து வீடு. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஒரே உறுமல். முள் நடுங்கிக்கொண்டே கீழே கீழே போனது.

என் விரல் இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது.

"ஐயையோ! நானுமா?"

படக்கென்று மோட்டாரை நிறுத்தினேன். முள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாற்பத்தேழைத் தொட்டது. எல்லாம் நின்றுவிட்டது.

"அந்த அம்மா மறுபடியும் நிறுத்திடுச்சுப்பா!" என்று தெருவில் ஒரு குரல் கேட்டது.

"அம்மா நிறுத்தல! நாமதான் நிறுத்தினோம்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று எனக்கு யார் மேல் அதிகக் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த முப்பத்தொரு பேர் மேலும் இருந்தது. கையெழுத்தே போடாமல் மோட்டாரைப் போட்ட என் மேலும் இருந்தது.

அம்மா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். நானும் மோட்டார் போட்டதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அட கடவுளே! நிறுத்தச் சொல்லி விளக்கு போட்டா, ஊரே ஓடிப்போய்ப் போடுதா?"

"நீ போய் எல்லார்கிட்டயும் சொல்லும்மா."

"நான் சொன்னா, தன் தப்பை மறைக்க எங்க மேல பழி போடறான்னு சொல்வாங்க."

"அப்ப நான் சொல்றேன்."

"சண்டை போடக்கூடாது."

"சண்டை போடமாட்டேன். சத்தமாப் பேசுவேன், அவ்வளவுதான்."

புதன்கிழமை முதலில் இஸ்திரிக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, சிவப்பு எரிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"இதென்ன கேள்வி? ரெண்டாவது பெட்டியையும் போடுவேன். கரண்ட் போறதுக்குள்ள முடிக்க வேண்டாமா?"

"நீங்க போடறதாலதான் போகுது!"

அண்ணன் சிரித்தார். "நோட்டீஸ்லயே போட்டிருக்கு பாரு" என்று கடைத் தூணைக் காட்டினார். சிவப்பு விளக்கு வைத்தபோது ஒட்டிய நோட்டீஸ் அது. 'சிவப்பு விளக்கு எரிந்தால் மின்தடை ஏற்படலாம்' என்று இருந்தது. அதற்குக் கீழே 'ஆடு காணவில்லை' என்று இன்னொரு நோட்டீஸ். அந்த ஆடு மறுநாளே கிடைத்துவிட்டது. நோட்டீஸை மட்டும் யாரும் கிழிக்கவில்லை.

நான் ஆட்டைக் கிழித்தேன். அடியில் இன்னொரு வரி இருந்தது: 'எனவே பெரிய இயந்திரங்களைப் பத்து நிமிடம் நிறுத்தி உதவவும்.'

"பார்த்தீங்களா? ஆடு மறைச்சுடுச்சு!"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "நான் ஒருத்தன் நிறுத்தி என்ன ஆகப்போகுது? மில்லுல பெரிய மெஷின் ஓடுது. அங்க போய்ச் சொல்லு."

மில்லுக்குப் போனேன். முகமெல்லாம் மாவாக இருந்த மில் அக்கா, "நான் நிறுத்துவேன். எதிர்க்க இருக்கற ஐஸ் கம்பெனி நிறுத்துமா? முதல்ல உங்க மாமாகிட்ட சொல்லு" என்றார்.

ஐஸ் கம்பெனிக்குப் போனேன். மாமா என் கண்ணைப் பார்க்காமலே பேசினார். "பத்து நிமிஷம்னு சொல்லி நிறுத்தச் சொல்வீங்க. அது ஒரு மணி நேரம் ஆனா என் ஐஸ் என்ன ஆகறது? முதல்ல மில்லு நிறுத்தட்டும். அப்புறம் பார்க்கலாம்."

மறுபடி மில்லுக்கு. மறுபடி ஐஸ் கம்பெனிக்கு. இவர்கள் உதைத்து விளையாட நான் என்ன பந்தா? வீட்டுக்கு வந்து பையை ஒரு மூலையில் விட்டெறிந்தேன்.

"அக்கா, மணி அம்பது" என்றான் குட்டி, சுவரைப் பார்த்தபடி.

நானும் சுவரைப் பார்த்தேன். அந்த முள்ளைப் பார்த்திருக்காவிட்டால் நானும் இதை நம்பியிருக்கமாட்டேன். யாராவது சொல்லியிருந்தால் அவர்களிடமும் வெடுக்கென்று ஏதாவது பேசியிருப்பேன்.

அப்படியென்றால் ஊரும் பார்க்கவேண்டும்!

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மானியைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். குட்டி வயரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். நேராக இஸ்திரிக் கடைக்குப் போய், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மாட்டி, வயரைப் பிளக்கில் செருகினேன்.

"என்ன பாப்பா இது?" என்றார் இஸ்திரிக்கார அண்ணன்.

"கடிகாரம்" என்றான் குட்டி.

ஐந்து மணி சுமாருக்குக் காற்று தளர்ந்தது. கொடியில் ஆடிக்கொண்டிருந்த துணிகள் ஒவ்வொன்றாக அடங்கின. மேட்டில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. கோபுரத்தின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

தெருவில் நின்றவர்கள் எல்லோரும் வீட்டைப் பார்த்து ஓடத் தொடங்கினார்கள். நான் கடை ஸ்டூலின் மேல் ஏறினேன்.

"நில்லுங்க! இதைப் பார்த்துட்டு ஓடுங்க!"

என் சத்தத்துக்கு ஊரே நிற்கும். நின்றது. எங்கள் கணக்கு டீச்சர்கூட சைக்கிளை விட்டு இறங்கினார்.

முள் நாற்பத்தொன்பதில் இருந்தது. எதிரே ஐஸ் கம்பெனியில் 'டொக்' என்று ஒரு சத்தம். மாமா இரண்டாவது மெஷினையும் போட்டுவிட்டார். எல்லோர் கண் முன்னாலும் முள் சரிந்தது.

"பார்த்தீங்களா? மெஷின் ஓடுச்சு, முள்ளு எறங்குச்சு. நாப்பத்தேழைத் தொட்டா கரண்ட் போயிடும். எங்க அம்மா நிறுத்தறாங்களா, நாம நிறுத்தறோமா? நீங்களே சொல்லுங்க!"

யாரும் பேசவில்லை. மாமா சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார்.

"மாமா, மெஷினை நிறுத்துங்க!"

"ஐஸ் உருகிடும்டி!"

"பத்து நிமிஷத்துல எந்த ஐஸ் மாமா உருகும்? உங்க ஐஸ் கட்டி என் உயரத்துக்கு இருக்கு! எங்க அம்மா பத்து நிமிஷம்தான் கேட்கறாங்க. அதைக் குடுக்காம கையெழுத்துப் போட்டீங்களே, அவங்க உங்க கூடப்பிறந்தவங்கதானே?"

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாமா உள்ளே போனார். ஒரு மெஷினின் சத்தம் நின்றது. இன்னொரு மெஷினும் நின்றது.

முள் நடுங்கியது. ஒரு நொடி யோசித்தது. பிறகு மெல்ல மேலே ஏறியது.

"ஏறுது! ஏறுது!" என்று குட்டி குதித்தான்.

மில் அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மில்லுக்கு ஓடினார். மில் நின்றது. இஸ்திரிக்கார அண்ணன் இரண்டு பெட்டிகளின் பிளக்கையும் பிடுங்கினார். "ஏய், மோட்டாரை நிறுத்து!" என்று ஒருவர் தன் வீட்டைப் பார்த்துக் கத்த, அந்தச் சத்தம் வீட்டுக்கு வீடு தாவித் தெருக்கோடி வரை போனது. உறுமல் ஒவ்வொன்றாக அடங்கியது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது நாற்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலே தடுமாறிக்கொண்டிருந்தது. டீச்சர் நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மா இதை ஒவ்வொரு தடவையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

மேட்டிலிருந்து 'டபடப'வென்று டீசல் இன்ஜினின் சத்தம் வந்தது. முள் நிமிர்ந்து ஐம்பதில் போய் நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. கடையில் எரிந்த பல்பு ஒரு தடவைகூடக் கண்சிமிட்டவில்லை.

இஸ்திரிக்கார அண்ணன் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "அட, பெட்டி இன்னும் சூடாவே இருக்கே!"

மாமா தெருவைக் கடந்து வந்தார். "அந்தத் தாள் எங்க?" என்று கேட்டார்.

அண்ணன் சட்டைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாமா அதன் மேல் குறுக்காக ஒரு பெரிய கோடு போட்டார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் என்னவோ எழுத ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரிய இன்ஜினியர் படகிலிருந்து இறங்கினார். அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். தாளின் பின்பக்கம் எழுதியது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. அம்மா கையைக் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றார்.

இஸ்திரிக்கார அண்ணன் தாளை நீட்டினார். இன்ஜினியர் படித்தார். "ஆபரேட்டரை உடனே மாற்ற வேண்டும்... என்னங்க இது? எழுதிட்டு அடிச்சிருக்கீங்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். என்னால் பொறுக்கமுடியவில்லை.

"பின்பக்கம் திருப்புங்க சார்!" என்றேன் வெடுக்கென்று.

அவர் திருப்பினார். 'சிவப்பு எரிந்தால் பத்து நிமிடம் நிறுத்துவோம்' என்று மாமாவின் கோணல் எழுத்தில் இருந்தது. கீழே ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். ஐஸ் கம்பெனி, இரண்டு மெஷின். மாவு மில். இஸ்திரிப் பெட்டி, இரண்டு. கணக்கு டீச்சர் வீட்டு மோட்டார். அவர் படிக்கப் படிக்க அம்மாவின் தலை மெதுவாக நிமிர்ந்தது.

"முன்னாடி முப்பத்தொரு பேரு. பின்னாடி முப்பத்திரண்டு இருக்கே?" என்றார் இன்ஜினியர். கடைசி வரியைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஆபரேட்டர் வீட்டு மோட்டார், வெடுக்கு. இது யாரு?"

ஊரே என்னைப் பார்த்தது. அம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மாமா அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "தப்புப் பண்ணிட்டேன்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா விலகிப் போகவில்லை.

இன்ஜினியர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆபரேட்டரை மாற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பழைய மானி இப்போதும் இஸ்திரிக் கடையில்தான் தொங்குகிறது.

எப்போதாவது காற்று சொல்லாமல் கொள்ளாமல் நின்று, பேட்டரியும் தீர்ந்து, கரண்ட் போகத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் ஊரே சேர்ந்து காற்றைத் திட்டுகிறது. நன்றாகத் திட்டட்டும். சண்டைக்கு வர அதற்கு மகள் இல்லை.